கேட்கும் நியாயமும் செய்யும் நியாயமும்

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரலாகப் பொழியும் அதே ஆனி, ஆடி மாதங்களில், மலைத்தொடரின் மறைவில் கிடக்கும் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் நிலம் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கிடக்கிறது. மலைக்கு மேற்கே கொட்டும் மழையில் பெரும் பகுதி அரபிக் கடலைச் சேருகிறது. கிழக்கே குளங்கள் வெடித்துக் கிடக்கின்றன. தென்காசிச் சீமையின் தண்ணீர் வழக்குகள் பலவும் இந்த வேற்றுமையிலிருந்து பிறந்தவையே.

அவற்றுள் பழமையானது செண்பகவல்லி அணை விஷயம். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில் எழுந்ததென்று இவ்வட்டாரத்தார் கூறும் இந்த அணை, மேற்கே ஓடும் நீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பி, வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கத்துக் குளங்களுக்கு அளித்து வந்தது. 1960களில் வெள்ளத்தால் உடைப்பு நேர்ந்தது. அதைச் செப்பனிடுவதற்காகத் தமிழ்நாட்டு சர்க்கார் தன் பங்காக ஐந்து லக்ஷத்துச் சொச்சம் ரூபாய் செலுத்தியது. பல ஆண்டுகள் பணத்தை வைத்திருந்த கேரள சர்க்கார், 2006-ல் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. உடைப்பு உடைப்பாகவே நிற்கிறது. சிறியதோர் அணையின் உடைப்பை அடைக்க இரண்டு ராஜ்யங்களுக்கு அரை நூற்றாண்டு போதவில்லை!

இரண்டாவது வழக்கு பெரியது. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் மிகை நீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டத்தைப் பற்றித் தேசிய நீர் வளர்ச்சி முகமை 1995-ல் அறிக்கை தயாரித்தது. ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர், அதாவது சுமார் 22 டி.எம்.சி. நீர் கிழக்கே வரும்; 91,400 ஹெக்டேர் நிலம் பாசனம் பெறும் என்பது அதன் கணக்கு. கேரளம் இதற்கு இசையவில்லை.

'எங்கள் மலையில் பெய்யும் மழை எங்களுக்கே சொந்தம்' என்ற வாதம் நியாயத்துக்கு ஒவ்வாது. 1895-ல் ஐக்கிய அமெரிக்காவின் சட்டத் தலைவர் ஹார்மன், ரியோ கிராண்டே நதி விஷயத்தில் மெக்ஸிகோவுக்கு எதிராக இத்தகைய வாதத்தையே கிளப்பினார். ஆயினும் 1906-ல் அதே அமெரிக்கா உடன்படிக்கை செய்து மெக்ஸிகோவுக்குத் தண்ணீர் கொடுக்க ஒப்புக்கொண்டது. நமது உச்ச நீதிமன்றமும் 2018-ல் காவேரித் தீர்ப்பில், பல ராஜ்யங்களின் வழியே ஓடும் நதி தேசத்தின் சொத்து. எந்த ராஜ்யமும் அதைத் தனக்கே உரியதாகக் கொண்டாட முடியாது என்று தெளிவுபடுத்தியது.

எனினும் கேரளத்தார் அச்சத்தையும் நாம் புறக்கணிக்கலாகாது. பம்பையும் அச்சன்கோவிலும் குட்டநாட்டின் வழியே வேம்பநாட்டுக் காயலில் கலப்பவை. நல்ல நீர் குறைந்தால் கோடையில் கடல் உப்பு வயலுக்குள் ஏறும். அங்கேயுள்ள குடியானவனும் நம்மவனைப் போலவே நெல்லை நம்பி வாழ்பவன். மிகை நீர் உண்டா இல்லையா என்பதை மேடைப் பேச்சு தீர்மானிக்க முடியாது. இரு தரத்து எஞ்ஜினீயர்களும் கூடி ஆண்டு முழுதும் அளந்த அளவே தீர்மானிக்க வேண்டும்.

இங்கே நம்மவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நியாயம் கோருபவன் நியாயம் செய்தவனாக இருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வழங்கும் விதி. குற்றால மலையில் பிறந்து, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கூடும் சிற்றாறு முழுவதும் நம்முடையதே. அதில் கேரளத்துக்குப் பங்கில்லை. அங்கே நாம் செய்வது என்ன? மேல் அணைக்கட்டுக்காரர் வயிறு நிறைந்த பிறகும் மடையை மூடுவதில்லை. கீழே மானூர்ப் பெரிய குளத்தை நம்பியவர்கள் ஆண்டுதோறும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கால்வாய்கள் தூர்ந்தும், ஆக்கிரமிப்பால் குறுகியும் கிடக்கின்றன. 'என் தலைமடை, என் தண்ணீர்' என்று மேல்மடையான் கடைமடையானிடம் சொல்வதற்கும், கேரளம் நம்மிடம் சொல்வதற்கும் வித்தியாசம் என்ன?

ஆகவே சர்க்கார் உடனே செய்ய வேண்டியவை மூன்று. செண்பகவல்லி உடைப்பை இரு ராஜ்யத்து எஞ்ஜினீயர்களும் வனத்துறையாரும் சேர்ந்து பார்வையிட்டு, வேலைக்குத் தவணை குறிக்க வேண்டும். பம்பை விஷயத்தில், கூட்டாக நீர் அளந்து, கணக்கைத் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட வேண்டும். சிற்றாற்றின் ஒவ்வோர் அணைக்கட்டுக்கும் உரிய பங்கைப் பலகையில் எழுதி வைத்து, கார், பிசானப் பருவங்களில் அன்றாடம் ஓடும் நீரை அதன் பக்கத்தில் குறிக்க வேண்டும். கால்வாய்களைப் பருவத்துக்கு முன்பே தூர் வார வேண்டும்.

மூன்றாவதற்குக் கேரளத்தின் சம்மதம் வேண்டாம். டில்லியின் உத்தரவும் வேண்டாம். அதை இந்த ஆண்டே தொடங்கலாம். விவசாயிகள் சங்கத்தார் மேற்கு நோக்கி முழங்குவதோடு நில்லாமல், தத்தம் ஊர் மடைகளையும் காவல் காக்க முன்வர வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். சிற்றாற்றின் கடைமடைக்கு நீதி செய்துவிட்டு நாம் செண்பகவல்லிக்காகக் கேட்கும்போது, மறுப்பதற்குக் கேரளத்துக்கு நா எழாது.