மாரி மழையும் மனத்தின் சூடும்



மார்கழி என்றால் எங்கள் களுதாவளையில் மழைதான். வடகீழ்ப் பருவக்காற்று வாவியையும் கடலையும் ஒன்றாகக் கலக்கிவிடும். வெற்றிலைத் தோட்டத்தில் வேலை குறையும். கையில் காசும் குறையும். நத்தாரும் திருவெம்பாவையும் வரும் இந்த நாட்களில்தான் கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் கூடுதல் நேரம் இருக்கிறார்கள்.

ஆனால் பலருக்கு இது பாரமான மாதம். 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களையும், 2009 வரை யுத்தம் கொண்டுபோனவர்களையும் நினைத்தால் சிரிப்பதே குற்றம்போலத் தோன்றும். சிரிப்பது அவர்களை மறப்பதாகாது.

அன்புக்குப் பெரிய செலவில்லை. நனைந்து வருபவருக்கு உலர்ந்த துவாயும் இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணீரும் கொடுங்கள். ஒருநாள் அவரையும் ஊற்றித்தரச் சொல்லுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. பிள்ளைகள் உறங்கியபின் கல்யாணநாள் கதைகளைப் பேசுங்கள். என் கணவர் அன்பை வாயால் சொன்னதில்லை. கூரை ஒழுகும் இரவில் என்னை உலர்ந்த பக்கத்தில் படுக்கவிட்டு, ஒழுக்குப் பக்கத்தில் தான் படுப்பார். எனக்கு அது போதும்.

துணையை இழந்த சகோதரிகளே, இந்தச் சுகத்தில் உங்களுக்கும் பங்குண்டு. மழை நாளில் தனியே இருக்காமல் அயல்வீட்டு அக்காவைத் தேத்தண்ணீருக்குக் கூப்பிடுங்கள். நல்ல கைகளில் முக்கிய ஒரு பூவுக்கு ஆசைப்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஒரு துணை வேண்டுமென்று மனம் சொன்னால் அதுவும் உங்கள் உரிமை. ஊர் நாலு வார்த்தை பேசும், பிறகு ஓயும். மாரி மழையும் அப்படித்தான்.