கணக்குக்கு ஏற்ற இயந்திரம்

வாணிபஞ் செய்வோர் பலரிடத்தே அண்மைக் காலமாக ஒரு கவலை குடிகொண்டிருக்கக் காண்கின்றோம். கணக்கெழுதும் மென்பொருளை விற்ற நிறுவனத்தார், பழைய பதிப்பைத் தாம் இனிப் பேணப்போவதில்லை என்றும், புதிய பதிப்புக்கு மாறவேண்டும் என்றும், அதனைத் தாங்கப் பழைய சேவையகம் போதாது என்றும் எழுதிவிடுகின்றனர். கடையிலுள்ள கணினிகள் அனைத்துக்கும் பொதுவாகக் கணக்கைக் காத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் தலைமை இயந்திரத்தையே சேவையகம் என்கின்றோம். சேர்வர் என்பது கடைத்தெரு வழக்கு.

இது வெறும் விற்பனைத் தந்திரமென்று ஒதுக்கிவிடவும் இயலாது. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2 என்னும் பதிப்புக்கு மேலதிகக் கட்டணமின்றி வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2023 ஒக்டோபர் 10 ஆம் திகதியுடன் நிறுத்தியது. தரவுகளைக் காக்கும் எஸ்.கியூ.எல். சேர்வர் 2014 இற்கும் 2024 யூலை 9 ஆம் திகதி அதே கதி நேர்ந்தது. திருத்தம் வாராத இயந்திரத்திற் கடையின் பற்று வரவை வைத்திருப்பது, பூட்டில்லாப் பெட்டகத்திற் பணம் வைப்பதை ஒக்கும்.

எனவே மாறத்தான் வேண்டும். வீட்டிற் கணினி படித்த பிள்ளை ஒருவர் இருப்பின், "தம்பி, எதை வாங்கலாம்?" என்ற வினா அவரிடமே வந்து சேர்கின்றது. விற்பனையாளர் தரும் விலைப்பட்டியலோ, புரொசெசரில் எத்தனை கோர் உண்டு என்பதையே பெரிய எழுத்திற் காட்டுகின்றது. இயந்திரம் எவ்வளவு விரைவாகக் கணிக்கும் என்று கேட்குமுன், அது எங்கே காத்திருக்கின்றது என்று கேட்பதே முறையென்பது எமது கருத்து.

இந்த உண்மையை முதன்முதற் கண்டுகொண்டவர்கள் தேயிலை வியாபாரிகள் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். இங்கிலாந்திலே தேநீர்ச் சாலைகள் பல நடத்தி, தேயிலையும் கேக்கும் விற்றுவந்த லயன்ஸ் கம்பனியார், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து எட்சாக் என்னும் கணினியை மாதிரியாகக் கொண்டு, லியோ என்ற இயந்திரத்தைத் தாமே அமைத்தனர். 1951 ஆம் ஆண்டில் அது தமது வெதுப்பகக் கணக்குகளைச் செய்யத் தொடங்கிற்று. வணிக நிறுவனமொன்றின் அன்றாடக் கணக்கைச் செய்த முதற் கணினி என்று அதனைப் போற்றுவர். பின்னர் ஊழியரின் சம்பளமும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவரின் சம்பளத்தைக் கணிக்கத் தேர்ந்த இலிகிதர் ஒருவருக்கு 8 நிமிடம் பிடித்தது, லியோவுக்கு 1.5 விநாடியே போதுமாயிற்று.

ஆயினும் அந்த வெற்றி கணிக்கும் வேகத்தால் மாத்திரம் வந்ததன்று. எட்சாக் கணித அறிஞர்களுக்காகப் பிறந்தது. சிறிதளவு எண்களைப் பெற்று நெடுநேரம் கணித்து ஒரு விடையைத் தரும். வணிகக் கணக்கின் இயல்போ முற்றும் மாறானது. ஆயிரக்கணக்கான சீட்டுகளை வாசிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் செய்யும் கணிப்பு அற்பம். பின்னர் ஒவ்வொன்றையும் அச்சிட வேண்டும். வாசிப்பும் அச்சும் தாமதித்தால், விலையுயர்ந்த கணிப்பகுதி கைகட்டி நிற்கும். இதனை உணர்ந்த லயன்ஸ் பொறியியலாளர், உள்ளே செலுத்தவும் வெளியே எடுக்கவும் பல வழிகளை அமைத்து, ஒன்று காத்திருக்கையில் மற்றொன்று இயங்குமாறு செய்தனர்.

இன்றைய கடைச் சேவையகமும் அதே குலத்ததுதான். ஒரு விற்பனைச் சீட்டுப் போடும்போது, விலையைத் தேடி எடுத்தல், இருப்பைக் குறைத்தல், கணக்கிற் பதிதல் ஆகிய மூன்றுமே நிகழ்கின்றன. இதிற் கணிதம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குரியது. ஆனால், பதிந்தாயிற்று என்று தரவுத்தளம் சொல்லுமுன், அந்தப் பதிவு தட்டிற் போய்ச் சேரவேண்டும்.

மாணவர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வார்களாக. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு, விநாடிக்கு 120 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் வந்துசேரச் சராசரியாக அரைச்சுற்று, அஃதாவது 4.2 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். வாசிக்கும் முனை அவ்விடத்துக்கு நகர மேலும் 8 மில்லி விநாடி வரையிற் செல்லும். கூட்டினால் 12 மில்லி விநாடிக்குச் சற்று மேல். ஆகவே, தட்டின் வெவ்வேறு இடங்களிலே சிதறிக் கிடக்கும் தரவுகளை விநாடிக்குச் சுமார் 80 முறைதான் அதனால் எட்டமுடியும். சுழலாத எஸ்.எஸ்.டி. வகைத் தட்டு இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். கோர்களை இரட்டித்தாலும் இந்த 80 என்ற எண் அசையாது.

நினைவகத்தின் பயனும் இத்தகையதே. அடிக்கடி வேண்டப்படும் தரவு நினைவகத்திலேயே தங்கிவிட்டால், வாசிப்பதற்குத் தட்டை நாட வேண்டியதில்லை. 40 கிகாபைற் தரவுள்ள கடைக்கு 64 கிகாபைற் நினைவகம் தாராளம். அதற்கும் ஓர் எல்லை உண்டு: எஸ்.கியூ.எல். சேர்வர் 2022 இன் ஸ்டாண்டர்ட் வகை, தரவை வைத்திருக்க 128 கிகாபைற்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது.

கோர்களை மிகையாக வாங்குவோருக்கு இன்னொரு செலவு பின்னாற் காத்திருக்கின்றது. விண்டோஸ் சேர்வருக்கு உரிமம் கோர் கணக்கிலேயே விற்கப்படுகின்றது. ஒரு சேவையகத்துக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு வாங்கவேண்டும். 32 கோர் கொண்ட இயந்திரத்தை வாங்கியவர், அதன் பாதி சும்மா கிடந்தாலும், உரிமத்தை இருமடங்காக வாங்கவேண்டும். விலைப்பட்டியல் தருவோர் இதனை முதலிலேயே சொல்வது அரிது.

அளந்து பார்ப்பது கடினமன்று. பழைய சேவையகத்திலேயே பேர்போமன்ஸ் மொனிற்றர் என்னும் அளவுகோல் இருக்கின்றது. மாத முடிவிலோ இருப்பெடுக்கும் நாளிலோ அதைத் திறந்து, புரொசெசர், நினைவகம், தட்டு ஆகிய மூன்றில் எது திணறுகின்றது என்று குறித்துக்கொள்ளலாம். கூட்டமில்லாத நாளின் மத்தியானத்தில் அளந்தால் எல்லாம் நலமாகவே தோன்றும்.

மலிவான மேசைக் கணினியையே சேவையகமாக வைத்தால் என்ன என்று கேட்போரும் உளர். நினைவகத்தில் ஓர் எண் இரும முறையிற் பதிந்திருக்கையில், 65,536 ஐக் குறிக்கும் பிற் ஒன்று தானே புரண்டுவிட்டால், 1,250 ரூபாக் கடன் 66,786 ரூபாவாகிவிடும். இத்தகைய தவற்றைத் தானே கண்டு திருத்தும் வழியை ரிச்சர்ட் ஹமிங் என்ற அறிஞர் 1950 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஈ.சி.சி. நினைவகம் அவ்வழியில் வந்தது. சேவையகங்களில் அது வழமையாக உண்டு. சாதாரண மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. எவரும் கவனியாது பேரேட்டில் நுழையும் பிழைக்கே நாம் மிக அஞ்சவேண்டும்.

மின்வெட்டை நம் நாட்டவருக்கு விளக்கவேண்டியதில்லை. 2022 மார்ச் 31 ஆம் திகதி 13 மணி நேர வெட்டு அறிவிக்கப்பட்டது. யூ.பி.எஸ். கருவி அத்தனை மணி நேரம் கடையை நடத்துவதற்கன்று. இயந்திரம் தன் பதிவுகளை ஒழுங்காக முடித்துத் தானே அணைந்துகொள்ளச் சில நிமிடம் தருவதற்கே. அந்தக் கட்டளையை இயந்திரத்துக்கு அனுப்பும் கம்பி இணைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். நிறுவனங்களுக்கென ஆக்கப்பட்ட எஸ்.எஸ்.டி. தட்டுகள் பலவற்றில், மின் அறுந்த கணத்திற் கையிலுள்ளதை எழுதி முடிக்கப் போதிய மின்னைச் சேமித்து வைக்கும் கொள்ளளவிகளும் உண்டு. அவற்றுக்குக் கொடுக்கும் மேலதிக விலையை வீண் என்று நாம் கூறமாட்டோம்.

இரண்டு தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெயிட் முறை இருப்பதாற் பிரதி எடுக்க வேண்டியதில்லை என்று எண்ணுவது பெருந் தவறு. தட்டொன்று பழுதானால் அது காக்கும். ஊழியர் ஒருவர் தவறுதலாக ஓராண்டுக் கணக்கை அழித்தாலோ, பணயத் தொகை கேட்கும் நச்சுநிரல் புகுந்தாலோ, அழிவும் இரண்டு தட்டிலும் ஒருங்கே பதியும். ஆகையால் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை, சேவையகத்தோடு எப்போதும் இணைந்திராத பிரதித் தட்டுகளுக்கு ஒதுக்கி, அவற்றுள் ஒன்றையேனும் வேறொரு கட்டடத்தில் வைத்தல் வேண்டும்.

புதிய இயந்திரம் வந்திறங்கிய வாரத்திற் செய்யவேண்டிய முதல் வேலை, கடை பூட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அந்தப் பிரதியிலிருந்து கணக்கு முழுவதையும் புதிதில் மீட்டெடுத்து, சென்ற மாத முடிவின் மிகுதிகளை அச்சிட்ட தாளோடு ஒப்பிடுவதாகும். அவை ஒத்து, ஒரு மாத முடிவும் கழியும்வரை, பழைய சேவையகத்தை எவருக்கும் விற்றுவிடவேண்டாம்.