ஏடு போன திசையில்

தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. திருவேடகம் ஏடகநாதரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "மதுரைப் பக்கம் நடக்கிறோமா, சோழவந்தான் பக்கமா?"

"சோழவந்தான் பக்கந்தான் மாமா. ஏடு போன திசையில போவோம்" என்றேன்.

தம்பி மகளுக்கு அது என்ன ஏடு என்று தெரிய வேண்டும். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஆற்றங்கரையில் நடந்துகொண்டே மாமாதான் சொன்னார். ஏழாம் நூற்றாண்டு. பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் காலம். மதுரையில் திருஞானசம்பந்தருக்கும் சமணர்களுக்கும் வாதம். இரு தரப்பும் தங்கள் ஏட்டை வைகையில் விட்டார்கள். சமணர் ஏடு ஆற்றோடு போயிற்று, சம்பந்தர் ஏடு தண்ணீரை எதிர்த்து மேற்கே ஏறி வந்து இங்கே கரை ஒதுங்கியது. பெரியபுராணம் சொல்லும் கதை இது. அமைச்சர் குலச்சிறையார் குதிரையேறி, அந்த ஏட்டின் பின்னாலேயே கரையோரமாக வந்தாராம். இந்த வழியில் எங்களுக்கு அவர்தான் முன்னோடி. ஏடு நின்ற இடத்திலிருந்து அதே திசையில் இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்ப்பது என்பதுதான் எங்கள் திட்டம்.

பாதை என்று ஒன்று தொடர்ச்சியாக இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச தூரம் கரைமேல் நடக்கலாம், பிறகு சீமைக்கருவேலம் மறிக்கும். இறங்கித் தோப்புக்குள் புகுந்தால் வாய்க்கால் வரும். வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு தார்ச்சாலைக்கு ஏறி, மறுபடி ஆற்றுக்கு இறங்க வேண்டும். ஆனாலும் இந்தப் பக்கத்தின் பச்சை நடப்பவனுக்கு அலுக்காது. நெல், தென்னை, வாழை, இடையிடையே வெற்றிலைக் கொடிக்கால். "எல்லாம் பெரியாத்துத் தண்ணிப்பா" என்றார் மாமா. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்து, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பியது. மேலே பேரணையில் பிரிகிற கால்வாய், அங்கிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கருக்கு இருபோகத் தண்ணீர் கொடுக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் பேச்சில் அணையைக் கட்டிய பென்னிகுயிக் பெயர் இன்றும் வீட்டுப் பெரியவர் பெயர் போல வரும்.

சோழவந்தானுக்குள் நுழைந்ததும் மாமா எங்களைத் தன் கொடிக்காலுக்குக் கூட்டிப் போனார். செருப்பைக் கழற்றாமல் யாரையும் உள்ளே விடமாட்டார். வரிசை வரிசையாக அகத்தி, அதன்மேல் கொடி. வெளியே வெயில் ஏறிவிட்டிருந்தது, உள்ளே காலடி மண் சில்லென்று ஈரமாக இருந்தது. ஓர் இலையைக் காம்போடு கிள்ளிப் பேத்தி கையில் கொடுத்தார். அவள் மென்றுவிட்டுக் கண்ணைச் சுருக்கினாள். அந்தக் காரத்துக்காகத்தான் சோழவந்தான் வெற்றிலையைத் தேடி வாங்குகிறார்கள். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. "முன்னாடி அங்கிட்டு முழுக்கக் கொடிக்கால்தான். இப்ப பாரு, தென்னையாப் போச்சு" என்று கையை வீசிக் காட்டினார். கொடிக்கால் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் அவர் கவலை. குறியீடு கொடியைக் கட்ட வராது, தண்ணீர் பாய்ச்ச வராது.

ஜெனகை மாரியம்மன் கோயிலைக் கடந்து பாலத்துக்குப் போனோம். வைகாசித் திருவிழாவில் இந்தத் தெரு எப்படி இருக்கும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்குக் காலியாக இருந்தது. இந்த ஊரில் பிறந்தவர்தான் அரசஞ் சண்முகனார். 1868இல் பிறந்து 1915இல் மறைந்த பெரும்புலவர், தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தி எழுதியவர். 'மாலைமாற்று மாலை' என்று ஒரு நூலும் செய்திருக்கிறார். முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒரே எழுத்துகள் வரும்படி பாடுவது மாலைமாற்று. அப்படி ஒரு பதிகத்தைச் சம்பந்தர் தேவாரத்திலும் பாடியிருக்கிறார். ஏடு எதிரேறிய ஊருக்கு ஒரு நடை தூரத்தில், எழுத்தை எதிர்த்திசையில் நடக்கவைத்த புலவர் பிறந்திருக்கிறார் என்று சொன்னதும், பிள்ளை உடனே 'விகடகவி' என்று எடுத்துக்கொடுத்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தென்கரை. மூலநாதர் கோயில். இந்த நடையில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான்.

சோழவந்தானுக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். சோழ மன்னன் இங்கே வந்தான், வயலும் ஆறும் பார்த்து உவந்தான், அதனால் 'சோழன் உவந்தான்', அதுவே சோழவந்தான். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நம்பியிருந்தேன். இந்தக் கோயில் கல்வெட்டுகளில் இருக்கும் பெயர் வேறு. பாகனூர்க் கூற்றத்துச் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். சோழாந்தகன் என்றால் சோழனுக்கு எமன். பத்தாம் நூற்றாண்டில் 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்ட வீரபாண்டியனின் பெயர் அது என்பது ஆய்வாளர்கள் முடிவு. அதே வீரபாண்டியன் பிறகு சோழரிடம் தோற்று மடிந்தான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டான். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்தப் பகை மனப்பாடம்.

இரண்டு தலைகளின் கதை. அந்தக் கதையின் ஒரு துண்டு நம் ஊர்ப் பேருந்துப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோழனுக்கு எமன் என்று வைத்த பெயரை ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் வாய் தேய்த்துத் தேய்த்துச் சோழன் வந்தான், மகிழ்ந்தான் என்று ஆக்கிவிட்டது. கல்லில் இருப்பதுதான் வரலாறு, சந்தேகமில்லை. ஆனால் எமனை விருந்தாளியாக மாற்றிய அந்த வாய்களின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

பிள்ளை சுவரடியில் உட்கார்ந்துவிட்டாள். அடித்தளக் கல்லில் வரிவரியாக எழுத்து. விரலால் தடவித் தடவிப் பார்த்தவள், "பெரியப்பா, இது 'ப'. இந்தா 'ட'. அப்படியே இருக்கு!" என்று கத்தினாள். குருக்கள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். அரைமணி நேரத்தில் ஒன்பது எழுத்துகள் கண்டுபிடித்தாள். எந்த வகுப்பறையிலும் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்கு மேல் முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் வழியாகக் குருவித்துறை. மாமாவுக்கு முழங்கால் வலி, மீதியைப் பேருந்தில் போனோம். சித்திரரத வல்லபப் பெருமாள் கோயில், அருகில் ஆற்றங்கரையில் குரு பகவான் சந்நிதி. குருப்பெயர்ச்சி நாளில் இங்கே நிற்க இடமிருக்காது. நாங்கள் போனபோது கரையில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் மட்டும் படுத்திருந்தார்.

சித்தர்மலைக்கு அடுத்த ஞாயிறுதான் போக முடிந்தது. ஆற்றின் வடகரையில், மேட்டுப்பட்டிப் பக்கம் நிற்கும் மலை, திண்டுக்கல் மாவட்டம். உச்சியில் சிவன் கோயில் இருப்பதால் ஊர்க்காரர்களுக்கு அது சாமி மலை. பாறைக்கு அடியில் இருக்கும் குகையைத்தான் நாங்கள் தேடிப் போனோம். இப்படிப்பட்ட இடங்களை நம் பக்கத்தில் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். உண்மையில் அவை சமணத் துறவிகளுக்கு வெட்டிக் கொடுத்த கல்படுக்கைகள். தலைமாடு சற்று உயர்த்தி, தலையணை போல. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள், மேலிருந்து வழியும் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் ஓரமாக ஒழுகிப் போவதற்கு. உள்ளே படுப்பவர் நனையக் கூடாது என்று நினைத்த ஒரு கல்தச்சனின் அக்கறை அது. படுக்கைகளில் தமிழ்ப் பிராமி எழுத்து, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை.

மதுரையைச் சுற்றி இப்படிப் பல குன்றுகள். நாகமலைப் பக்கம் விக்கிரமங்கலம், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம். கிழக்கே அழகர்மலை, அரிட்டாபட்டி, மாங்குளம். மாங்குளம் எழுத்துகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டார். அவை தமிழ்தான் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் படித்துச் சொன்னார். அழகர்மலைக் குகையில் மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர், உப்பு வணிகர், இரும்பு வணிகர் எல்லாம் கொடையாளர்களாகப் பெயர் விட்டிருக்கிறார்கள். தெருவில் கடை வைத்திருந்த சாதாரண மனிதர்கள்.

குகைக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் புனல்வாதத்தில் சமணர் ஏடு ஆற்றோடு போயிற்று என்கிறது கதை. சம்பந்தரின் ஏடு போன திசையிலேயே போனால், அவருக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து தங்கிய சமணரின் படுக்கைகள் இருக்கின்றன. இரண்டும் இந்த ஆற்றுக்காரர்களின் சொத்து. ஒன்றை மட்டும் நமது என்று சொல்லிக்கொண்டு மற்றதைக் கைவிடுவது சரியில்லை.

கைவிட்டதற்கு அடையாளமும் அங்கேயே இருந்தது. கல்படுக்கைக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் இரண்டு பெயர்கள், நடுவில் ஓர் இதயப் படம். கல்லில் சுரண்டிய இன்னும் சில பெயர்கள். உடைந்த பாட்டில் கண்ணாடி. நாங்கள் எல்லோரும் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டுவந்தோம். பெயிண்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்ற பயத்தில் தொடாமல் வந்துவிட்டோம்.

மனிதர்கள் அடிக்கடி வந்துபோகும் இடத்தைக் கெடுக்க எவனும் கொஞ்சம் யோசிப்பான். மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கிய 'பசுமை நடை' இதைச் செய்து காட்டியிருக்கிறது. ஞாயிறு காலைகளில் குடும்பம் குடும்பமாகக் குன்றுகளுக்குப் போய், கல்வெட்டு ஆய்வாளர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் அங்கேயே நின்று சொல்லும் வரலாற்றைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது ஊரே திரண்டு நின்றது, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்படி ஆட்களை நடக்கவைக்க, பிரான்சில் நெடுநடைப் பாதைகள் என்று நாடு முழுக்க வைத்திருக்கிறார்கள். முதல் பாதை 1947இல் குறிக்கப்பட்டது. மரத்திலோ சுவரிலோ கல்லிலோ மேலே வெள்ளைக் கோடு, கீழே சிவப்புக் கோடு. அந்த இரண்டு கோடு இருந்தால் வழி சரி. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் தப்பான வழி, திரும்பு. கோடு மங்கினால் மறுபடி பூசுவது அந்தந்தப் பகுதித் தன்னார்வலர்கள். கோட்டையும் தேவாலயமும் ஆற்றங்கரையும் அந்தக் கோட்டைப் பிடித்தே நடந்து பார்த்துவிடலாம்.

திருவேடகத்திலிருந்து சித்தர்மலை வரைக்கும் அப்படி ஒரு பாதை வேண்டும். கோடிக்கணக்கில் திட்டம் போட வேண்டாம், கரையில் சிமெண்டும் கொட்ட வேண்டாம். கருவேலத்தை வெட்டி ஓர் ஆள் நடக்க இடம், வழி பிரியும் இடங்களில் மைல்கல் மாதிரி ஒரு கல், அதில் இரண்டு கோடு, தென்கரையில் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று ஒரு தமிழ்ப் பலகை. வழியிலுள்ள ஊராட்சிகளும் சோழவந்தான் பேரூராட்சியும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். கோடு பூசும் தூரிகை குகைக்குள் மட்டும் போகக் கூடாது.

அதுவரை பாதை இல்லாமலே போய் வாருங்கள். தை, மாசி நடக்க ஏற்ற காலம். மதுரையிலிருந்து சோழவந்தானுக்கு ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். தென்கரையில் சுவரடியில் அரைமணி நேரம் உட்காரவிடுங்கள். சித்தர்மலையில் குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், உங்கள் பெயரை எழுதாமல் வாருங்கள்.