பிஜு பாபுவின் டகோட்டா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் ஒடிசாக்காரர்களை ‘வடநாட்டு ஆளுங்க’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர்கள் ஊர் பிஜு பட்நாயக்கை நமக்குத் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் விமானப்படைக்காகப் பறந்தவர். விடுதலைப் போராளிகளுக்கு உதவியதற்காகச் சிறை சென்றவர். 1947-இல் நேரு கேட்டுக்கொண்டதும், டச்சுக்காரர்களின் மிரட்டலைப் பொருட்படுத்தாமல், மனைவி ஞானையும் அழைத்துக்கொண்டு டகோட்டா விமானத்தில் ஜாவாவுக்குப் பறந்தார். இந்தோனேசியத் தலைவர் சியாரிரை டெல்லிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தூதர் பதவியே இல்லாமல் செய்த தூது அது! நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. 1963-இல் காமராஜர் திட்டப்படி, காமராஜரைப் போலவே முதல்வர் பதவியைத் துறந்தவர்களில் அவரும் ஒருவர். கும்மிடிப்பூண்டிப் பள்ளி நூலகங்களில் அவர் வாழ்க்கை வரலாறு தமிழிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும்.