வாடகையை மாத்தணும்... வெப்சைட் சாவி யார்கிட்ட?

ஆடி பிறந்துவிட்டால் குச்சனூரில் சனிக்கிழமைகளில் நிற்க இடமிருக்காது. சுரபி நதிக்கரையில் இருக்கும் சுயம்பு சனீஸ்வரரைத் தரிசிக்க வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அவர்களில் பலர் இப்போதெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போனில் தேடிவிடுகிறார்கள். ரூம் கிடைக்குமா, வாடகை எவ்வளவு, சின்னமனூரிலிருந்து எப்படி வருவது?

கோயில் பக்கம் பத்து அறைகளோடு ஒருவர் லாட்ஜ் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நமக்கும் ஒரு வெப்சைட் இருந்தா என்ன?' என்ற யோசனை அவருக்கு வருவது இங்கேதான். தங்கை மகன் கோவையில் கம்ப்யூட்டர் படித்திருப்பான். அவனிடம் சொல்வார். அவனும் ஒரே வாரத்தில் அழகாகச் செய்து கொடுத்துவிடுவான்.

சிக்கல் அடுத்த ஆடியில் ஆரம்பிக்கும். வாடகை 800 ரூபாயிலிருந்து 1,000 ஆகியிருக்கும். தளத்தில் பழைய வாடகையே நிற்கும். மாமா போன் போடுவார். மருமகன் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பான். வாசலில் நிற்கிற பக்தர் போனை நீட்டி, "இதுல 800-னுதானே போட்டிருக்கு" என்பார்.

இந்தச் சண்டைக்கான மருந்துதான் சி.எம்.எஸ். உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று தமிழில் நீட்டிச் சொன்னால் பயமாக இருக்கும். விஷயம் எளிது. கடை வாசலில் பெயின்டர் எழுதிய போர்டை மாற்ற பெயின்டர்தான் வர வேண்டும். பக்கத்தில் மாட்டியிருக்கும் 'இன்றைய ஸ்பெஷல்' கரும்பலகையை சாக்பீஸ் எடுத்து யாரும் மாற்றலாம். சி.எம்.எஸ் உள்ள தளம் அந்தக் கரும்பலகை. வடிவம் அப்படியே இருக்கும். எழுத்தை மட்டும் உரிமையாளரே மாற்றிக்கொள்வார். மாவட்ட நிர்வாகங்களின் இணையதளங்களுக்காக தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய 'எஸ்3வாஸ்' ஏற்பாடும் இதே வழிதான். சட்டகத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டெண்டர் அறிவிப்பை ஆபீஸ் ஊழியர்களே ஏற்றிவிடலாம்.

சரி, எந்த சி.எம்.எஸ்?

இலவசமாக வந்தது, இலவசமாகவே போனது

முதலில் ஒரு பழைய கதை. 2017-ல் கூகுள் சிறு வியாபாரிகளுக்கு ஒரு வசதி தந்தது. மேப்பில் கடையைப் பதிந்தவர்கள் அப்படியே சில நிமிடங்களில் ஒரு வெப்சைட்டும் உருவாக்கிக்கொள்ளலாம். காசு கிடையாது. முகவரி 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். உலகம் முழுக்க லட்சக்கணக்கான சின்னக் கடைகள் அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பில் புக்கிலும் அச்சடித்துக்கொண்டன.

2024 மார்ச்சில் கூகுள் அந்தத் தளங்களை நிறுத்தியது. ஜூன் 10 வரை, பழைய முகவரியைத் தட்டினால் மேப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. முன்கூட்டியே மின்னஞ்சலில் அறிவித்தார்கள்தான். ஆனால், ஒரு லாட்ஜ்காரர் எத்தனை முறை மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பார்?

வாடிக்கையாளருக்கு எதைச் செய்து கொடுப்பது என்று யோசிக்கும் இளைஞர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எது அழகு, எது வேகம் என்பதெல்லாம் பிறகு. நாளை இந்தக் கம்பெனி கதவைச் சாத்தினால், உள்ளே இருக்கும் எழுத்தையும் படங்களையும் மூட்டை கட்டி எடுத்துப் போக முடியுமா?

விக்ஸ் போன்ற 'இழுத்துப் போட்டு' தளம் கட்டும் சேவைகள் கற்றுக்கொள்ள சுலபமானவை. பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால், அங்கே கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு இடத்தில் வைக்க முடியாது. மாதச் சந்தாவும் நிற்காது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு பேர் வாங்கிய ஸோஹோவும் 'ஸோஹோ சைட்ஸ்' என்று இதே ரகத்தில் ஒன்று வைத்திருக்கிறது. பிளாக்கர், தமிழ் வலைப்பதிவர்களின் பழைய தாய்வீடு. இலவசம், சொந்த முகவரியும் இணைக்கலாம், பதிவுகளை மொத்தமாக இறக்கி பத்திரப்படுத்தலாம். ஆனால், அதுவும் கூகுள் வீட்டுத் திண்ணைதான்.

வேர்ட்பிரஸ் வேறு சாதி. 2003-ல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடங்கியது. திறந்த மூல மென்பொருள் என்பதால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இன்று உலகின் வெப்சைட்களில் பத்துக்கு நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. ஒரு ஹோஸ்டிங் பிடிக்கவில்லையா, தளத்தை முழுசாகத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்கலாம். செய்து கொடுத்தவர் ஊரைவிட்டுப் போனாலும், தெரிந்த இன்னொருவர் தேனியிலோ கம்பத்திலோ கிடைத்துவிடுவார். சிறு வாடிக்கையாளருக்கு இதுவே பெரிய பலம்.

அதற்காகத் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங்கும் முகவரியும் காசு. முதல் வருடம் தள்ளுபடி விலையில் வரும். இரண்டாம் வருடப் பில்லைப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். ஹேக்கர்கள் பெரும்பாலும் நுழைவது பிளக்-இன் எனப்படும் துணை நிரல்கள் வழியாக. ஸ்லைடருக்கு ஒன்று, பாப்-அப்புக்கு ஒன்று என்று இருபது நிரல்களைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் திரும்பிப் பார்க்காத தளம், பூட்டாத வீடு. அப்டேட் செய்ய ஆள் இல்லை என்றால் வேர்ட்பிரஸ் தராமல் இருப்பதே நல்லது.

ட்ரூபல், ஜூம்லா? பத்து அறை லாட்ஜுக்கு அது லாரி வாங்கித் தருவது மாதிரி. 2011-ல் வந்த ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதில் இருந்தவர்களுக்கு அடுத்த பதிப்புக்குப் போவது கிட்டத்தட்ட புதுத் தளம் கட்டுகிற வேலை.

தமிழ் படுத்தும் பாடு

டிடிபி சென்டரில் அடித்த நோட்டீஸை அப்படியே ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. டிடிபி சென்டர்கள் பலவும் இன்னும் பாமினியை விட்டபாடில்லை.

இன்னொன்று, வேர்ட்பிரஸில் தலைப்பைத் தமிழில் வைத்தால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே உருவாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது சதவீதக் குறியும் எண்களுமாக வால் நீண்டு நிற்கும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது இடம். மொத்தமே 200 இடம்தான் என்பதால் நீளத் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். முகவரியை மட்டும் ஆங்கிலத்தில் சுருக்கமாக மாற்றிவிட வேண்டும்.

பட்டா யார் பேரில்?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தளத்தின் முகவரியை வடிவமைப்பாளர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிடுவார். கெட்ட எண்ணம் இருக்காது, அவசரம்தான். மூன்று வருடம் கழித்து அவர் வேலைக்கு பெங்களூரு போய்விடுவார். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவர் பார்க்காத பெட்டியில் விழும். கெடு தாண்டினால் மீட்க அதிகக் கட்டணம். அதையும் தாண்டினால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். முகவரி லாட்ஜ் உரிமையாளர் பெயரில், அவருடைய போன் நம்பரில் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் என்றால் தினப்படி வேலைக்கு அவருக்கு 'எடிட்டர்' அனுமதி போதும். பிளக்-இன்களையோ தளத்தின் அமைப்பையோ தெரியாமல் மாற்றிவிட மாட்டார். 'அட்மின்' பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, சொத்துப் பத்திரம் இருக்கும் அதே பீரோவில் வைக்கச் சொல்லலாம்.

எல்லோருக்கும் வெப்சைட் தேவையா என்றால், இல்லை. எள் விளக்குக் கடைக்கு கூகுள் மேப்பில் சரியான இடமும் நேரமும் போன் நம்பரும் இருந்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறைகூட எதுவும் மாறாத வேன் சர்வீஸுக்கு, சி.எம்.எஸ் இல்லாத ஒரே பக்கத் தளம் போதும். அதில் ஹேக் செய்யவும் பெரிதாக ஒன்றும் இருக்காது. லாட்ஜ் கதை வேறு. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் என்று குழப்பம் வந்ததே, அப்படிப்பட்ட வாரங்களில் அறை நிலவரத்தை அன்றன்றே மாற்ற வேண்டியிருக்கும்.

தளத்தை ஒப்படைக்கிற நாளில் மருமகன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மாமாவிடமே போனைக் கொடுத்து, வாடகையை ஒருமுறை மாற்றச் சொல்லிப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் சரி. கண்ணாடியைத் தேடிவிட்டு, "இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா" என்று சொன்னால், வாடகையைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டு போன் நம்பரைப் பெரிதாகப் போட்டுவிடலாம்.