முதல் மறுப்பு

உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும் பழக்கம் பகைவன் உருவில் வருவது அரிது. பெரும்பாலும் நண்பன் உருவிலேயே வருகிறது. ‘ஒரு முறைதானே’ என்னும் சொல்லே அதன் நுழைவாயில். ஆதலின், மதுவும் புகையிலையும் கஞ்சாவும் தீயவை என்று இளைஞரை அச்சுறுத்தி அமைதல் போதாது. அவை தீயவாதற்குரிய காரணத்தையும் தெளிவுறுத்தல் வேண்டும்.

புகையிலையிலுள்ள நிக்கோடின் என்னும் நச்சுப்பொருள், புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் மூளையை அடைந்து, தன்னையே மீண்டும் நாடுமாறு அதனைப் பழக்குகிறது. புகைப்போர்க்கு நுரையீரற் புற்றுநோய் மிகுதியாக வருதலை 1950ஆம் ஆண்டில் டால், ஹில் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் ஆராய்ந்து காட்டினர். மது கல்லீரலை அரிக்கும். மனித மூளை ஏறத்தாழ 25 அகவை வரை முதிர்ந்துகொண்டே இருப்பது. அக்காலத்தில் கஞ்சாவைப் பழகின், நினைவாற்றலும் கவனமும் குன்றும்.

இவற்றை ஆசிரியர் மறைத்தலும் ஆகாது, மிகைப்படுத்தலும் ஆகாது. ஒன்று மிகையெனத் தெரியின், மெய்யான ஏனையவற்றையும் மாணவர் நம்பார்.

கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்றலையும், 18 அகவை நிரம்பாதார்க்கு விற்றலையும் 2003ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடுக்கிறது. ஆயினும், நண்பன் நீட்டும் கையைத் தடுக்கச் சட்டம் உடன்வருவதில்லை. அங்கே துணையாவன மாணவரின் அறிவும் துணிவுமே.

மறுத்தால் நட்புக் கெடுமோ எனத் தயங்குவோர் பலர். நன்மை கருதி மறுத்ததனால் முறியும் நட்பு நட்பே அன்று. அஞ்சி விலகியவர் அச்சம் நீங்கியதும் அணுகுவர். அறிந்து விலகியவர் என்றும் அணுகார்.