பிரதம விருந்தினர் இல்லாத ஒரு பின்னேரம்

'கலந்துரையாடல்' என்று பதாகையில் அடித்துவிட்டால் மட்டும் ஒரு நிகழ்வு கலந்துரையாடல் ஆகிவிடாது. எங்கட ஊரில் எது நடந்தாலும் ஒரே அச்சுத்தான்: மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை. நூல் வெளியீட்டுக்கும் இதுதான், பைத்தன் பயிலரங்குக்கும் இதுதான். "கேள்வி ஏதும் இருக்கா?" என்று கேட்கிற நேரம் வரும்போது மத்தியானம் ஆகிவிடும், சாப்பாட்டுப் பார்சலும் வந்துவிடும். ஒருத்தரும் கை உயர்த்த மாட்டினம்.

யாழ்ப்பாணத்தில் புரோகிராம் எழுதுகிற, எழுதப் பழகுகிற ஆக்களோடு சேர்ந்து மாதத்துக்கு ஒருக்கா ஒரு சந்திப்பு வைப்பம் என்று கலைப்பீடத்து மாணவர்கள் நாங்கள் கொஞ்சப்பேர் கதைத்துக்கொண்டிருக்கிறோம். திகதி இன்னும் முடிவாகவில்லை. ஆனால் வடிவம் பற்றி எங்களுக்கு உறுதியான அபிப்பிராயம் இருக்கு. மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டவே வேண்டாம். கதிரைகளை வட்டமாகப் போட்டால் காணும்.

இது எங்கட கண்டுபிடிப்பு இல்லை. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒருவருடைய வீட்டுக் கார் கராஜில் கொஞ்சப்பேர் கூடித்தான் 'ஹோம்புரூ கொம்பியூட்டர் கிளப்' தொடங்கியது. ஸ்டீவ் வொஸ்னியாக் தன்னுடைய ஆப்பிள் கணினியின் சுற்றுப்படத்தை அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களோடு பகிர்ந்துகொண்டார். 2005 ஓகஸ்ட்டில் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கிய 'பார்கேம்ப்' அழைப்பு உள்ளவர்கள் மட்டும் போகக்கூடிய ஒரு கூட்டத்துக்கு மாற்றாக வந்தது. அங்கே நிகழ்ச்சி நிரலை முதலே அச்சடிப்பதில்லை. வந்தவர்கள் தாங்கள் கதைக்க விரும்புகிறதைப் பலகையில் எழுதினால் அதுதான் நிரல்.

வெளிநாட்டுக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவதற்கு 'சஹானா' என்ற மென்பொருளைச் சில நாட்களுக்குள் எழுதத் தொடங்கினது இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள். அது பிறகு 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. அப்படி அவசரத்துக்கு ஒன்றுசேர வேணுமென்றால், ஆளை ஆள் முதலே தெரிந்திருக்க வேணும். அவசரம் வந்த பிறகு அறிமுகப்படுத்திக்கொண்டிருக்க நேரம் இராது.

எங்கட பிரச்சினையும் அதுதான். ஆளை ஆளுக்குத் தெரியாது. கணினி விஞ்ஞானம் படிக்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில், பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி 60 கிலோமீற்றருக்கு மேல், வவுனியா அதைப்போல இரண்டு மடங்கு தூரம். இதற்கு வெளியிலே, கம்பஸ் கிடைக்காமல் யூரியூப் பார்த்துத் தாங்களாகவே பழகுகிற பிள்ளையள் இருக்கினம். அவர்களை எந்தப் பீடமும் கணக்கெடுப்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். ஒருத்தர் தொழிலைப் பழகி, அடுத்தாளுக்குச் சொல்லிக்குடுக்கிற பக்குவத்துக்கு வரும்போது கையில் பாஸ்போட்டும் இருக்கு. போகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் போகமுதல் அவர்களுக்குத் தெரிந்ததில் கொஞ்சமாவது இங்கே இறக்கிவைக்க ஒரு இடம் வேணும். அந்த இடம் ஒரு மேடையாக இருந்தால் 'வெற்றிக்கதை' மட்டும்தான் வரும். "மூன்று நாள் மண்டையை உடைத்தும் விளங்காத பிழை" வராது. படிக்கிறவர்களுக்குப் பிரயோசனமானது இரண்டாவதுதான்.

கலைப்பீடத்து ஆக்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஆண்டு ஒன்றுப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். பைத்தனிடம் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று வரும். யூனிகோட்டில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எங்கட இலக்கணத்தில் 'ம்' அடிப்படை, அதோடு அகரம் சேர்ந்தால் 'ம'. யூனிகோட்டில் 'ம' அடிப்படை, அதில் புள்ளி வைத்தால் 'ம்'. அப்படியே தலைகீழ்!

அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோட் எண்களின்படி மட்டும் அடுக்கினால் 'ன' வந்து 'ப'வுக்கும் 'ம'வுக்கும் முதல் நிற்கும். அப்போது பெயர்ப் பட்டியலில் கனகா முதலும் கமலா பிறகும் வருவினம். அகராதி பார்த்துப் பழகின எவருக்கும் கமலாதான் முதல். இதைத் திருத்துகிற வழிகள் இருக்கு, ஆனால் இப்படியொரு பிழை இருக்கு என்று முதலில் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த ஆள் வேணும், திருத்த நிரல் தெரிந்த ஆள் வேணும். இரண்டுபேரும் ஒரே கன்ரீனில் வேறவேற மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கினம்.

ஆகவே நாங்கள் முன்வைக்கிறது இவ்வளவுதான். சனிக்கிழமை பின்னேரம் 2 மணிக்குத் தொடங்கி 4.30க்கு முடிக்க வேணும். 25 பேருக்கு மேல் போனால் இரண்டு வட்டமாகப் பிரிய வேணும். வாசலில் ஒரு பெட்டி, துண்டுக் கடதாசி: கேட்க வெட்கமான கேள்வியைப் பேர் போடாமல் எழுதிப் போடலாம். சந்திப்பு அந்தப் பெட்டியைத் திறந்துதான் தொடங்கும். எவரும் பத்து நிமிசத்துக்கு மேல் ஒரேயடியாகக் கதைக்கக்கூடாது, அவர் கனடாவிலிருந்து சூமில் வந்தாலும் சரி. கதைக்கிற மொழி தமிழ். 'லூப்', 'ஃபங்ஷன்' எல்லாம் அப்படியே வரட்டும், யாருடைய ஆங்கிலத்தையும் யாரும் திருத்தத் தேவையில்லை. சிங்கள நண்பர்கள் வந்தால் பக்கத்தில் இருக்கிறவர் சொல்லிக்குடுக்கலாம். தேத்தண்ணிக்கும் வடைக்கும் ஆளுக்குக் கொஞ்சக் காசு போட்டால் அனுசரணையாளரே தேவையில்லை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. "பெரிய ஆக்களின்ர பேர் இல்லாட்டி மண்டபம் ஆர் தருவினம்? பொம்பிளைப் பிள்ளையளை வீட்டில விடுவினமா?" என்று கேட்கினம். நியாயமான கேள்வி. எங்கட சமூகத்தில் சம்பிரதாயம் வெறும் ஆடம்பரம் மட்டுமில்லை, அது ஒரு உத்தரவாதமும்தான். அழைப்பிதழில் அதிபரின் பேரோ பேராசிரியரின் பேரோ இருந்தால் அம்மா அப்பா நம்பி அனுப்புவினம். ஆனால் அந்த நம்பிக்கையைப் பொன்னாடை இல்லாமலும் சம்பாதிக்கலாம். இடம், தொடங்குகிற நேரம், முடிகிற நேரம், பொறுப்பானவர்களின் பேர், இவ்வளவும் உள்ள ஒரு பக்கக் கடிதம். ஒழுங்கமைக்கிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். 4.30 என்றால் 4.30, கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டிய நிலை வரக்கூடாது. "கொஞ்சம் நிண்டுட்டுப் போங்கோவன்" என்று இழுக்கிற ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும், அடுத்த மாதம் வரமுடியாமல் போகிறவள் ஒருத்தி இருப்பாள். மண்டபம் கிடைக்காவிட்டால் ஒரு வாசிகசாலை விறாந்தையும் காணும். இரண்டு லப்ரொப்பும் ஒரு வெள்ளைப் பலகையும் வைக்க இடம் இருந்தால் சரி.

இன்னொரு பயமும் சொல்லுகினம்: தலைமை இல்லாட்டி அரட்டையாகப் போய்விடும் என்று. போகட்டுமே. ஹரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் ஒரு பெரிய மாநாட்டைக் கஷ்டப்பட்டு நடத்தி முடித்த பிறகு, அதில் எல்லாருக்கும் பிடித்தது தேநீர் இடைவேளைதான் என்று கண்டார். அதிலிருந்துதான் 1985இல் தொடங்கி 'ஓப்பன் ஸ்பேஸ்' என்ற கூட்ட முறையை உருவாக்கினார். அவருடைய ஒரு விதி எங்களுக்கு நல்லாப் பிடிக்கும்: இருக்கிற இடத்தில் ஒன்றும் படிக்கவும் இல்லை, ஒன்றும் கொடுக்கவும் இல்லை என்றால் எழும்பி அடுத்த வட்டத்துக்குப் போங்கோ. எங்கட ஊர்க் கூட்டங்களில் நடுவில் எழும்பிப் போனால் அது மரியாதைக்குறைவு. இங்கே அது உரிமை.

முதல் மாதம் எட்டுப்பேர்தான் வந்தாலும் படமெடுத்துப் போட்டு 'மாபெரும் வெற்றி' என்று எழுத மாட்டோம். அந்த எட்டுப்பேரில் ஒருத்தர் அடுத்த மாதம் இன்னொருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தாரா என்பதைத்தான் கணக்கில் எடுப்போம். உங்களுக்கு நிரல் தெரிந்திருக்க வேணும் என்றும் இல்லை. ஒரு கேள்வி இருந்தால் காணும். அதைத் துண்டில் எழுதிக்கொண்டு வாங்கோ.